சான்றிதழை விற்கும் பள்ளிகளும் சாலையில் கற்கும் தொழிலாளர்களும்

(சாலைப் போக்குவரத்து அரங்கில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லாரி ஓட்டுநராக விரும்பும் இளைஞர்கள் தொழிற்சங்க அலுவலகங்களுக்கு வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தப் பள்ளியில் சேர்ந்தால் நல்லது, தோழர்?" இக்கேள்விக்கு நாடெங்கும் சொல்லப்படும் பதிலும் ஒன்றுதான்: "ஏதாவது ஒரு பள்ளியில் பணத்தைக் கட்டி ஹெவி லைசென்ஸை வாங்கிவிடு, வண்டியைப் பிறகு ரோட்டில் பழகிக்கொள்ளலாம்."

இந்தப் பதில் தவறானது. பல நேரங்களில் உயிரைப் பறிப்பது. ஆனால் இதைச் சொல்வோர் தீய எண்ணத்தில் சொல்வதில்லை. தங்கள் அனுபவம் கற்றுத்தந்ததையே சொல்கின்றனர். எனவே இப்பதிலைக் கண்டிப்பது மட்டும் போதாது. இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, இன்று இருக்கும் பள்ளிகளுக்குள் நல்லதைக் கண்டறிய ஒரு தொழிலாளியிடம் என்ன அளவுகோல் இருக்கிறது? இரண்டாவது, தொழிற்பயிற்சி என்னும் சமூகப் பொறுப்பு, ஒரு தனி இளைஞன் கடைத்தெருவில் பொருள் தேர்ந்தெடுப்பது போன்ற வேலையாக மாறியது எப்படி?

உஸ்தாத் போனார், பள்ளி வரவில்லை

இந்தியாவின் லாரித் தொழிலில் நெடுங்காலம் சாலையே பள்ளியாக இருந்தது. கிளீனராக ஏறும் சிறுவன், டயர் மாற்றி, தார்ப்பாய் கட்டி, சமையல் செய்து, ஓட்டுநர் உறங்கும்போது சரக்கைக் காத்து, சில ஆண்டுகள் கழித்து ஸ்டியரிங்கைத் தொடுவான். வட இந்தியாவில் 'உஸ்தாத்' என்று அழைக்கப்படும் மூத்த ஓட்டுநரே அவனுக்கு ஆசிரியர். இம்முறையில் கொடுமை நிறைய இருந்தது. ஊதியம் பெயரளவுக்குத்தான். அடியும் வசவும் பாடத்தின் பகுதி. சரியான பழக்கத்தோடு தவறான பழக்கமும் வழிவழியாக வந்தது. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. கிளீனர் கற்றது பாரம் ஏற்றிய வண்டியில். இரவிலும், மழையிலும், மலைப்பாதையிலும்.

செலவைக் குறைக்கும் நோக்கில் இன்று பல உரிமையாளர்கள் கிளீனரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டனர். ஒரே ஓட்டுநர் தனியே வண்டியை எடுத்துச் செல்வது பெருகியிருக்கிறது. ஓர் ஆள் ஊதியம் மிச்சமானது உரிமையாளருக்கு லாபம். ஆனால் அந்த ஆளோடு சேர்ந்து, குறைகள் நிறைந்ததாயினும் இயங்கிக்கொண்டிருந்த ஒரு பயிற்சி முறையும் இறங்கிப் போனது. அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டியது பயிற்சிப் பள்ளி. அது காகிதத்தில் மட்டும் நிரப்பியது.

சட்டம் தொழிலாளிக்கு என்ன தருகிறது

பள்ளியைத் தேடும் முன்பாகச் சில அடிப்படைகளை அறிந்துகொள்வது அவசியம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் பெறுவதற்கு, இலகு ரக வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று படிவம் 1ஏ-யில் தேவை. பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கடந்த பின்னரே தேர்வுக்குச் செல்ல முடியும். ஆகவே "பத்தே நாளில் ஹெவி லைசென்ஸ்" என்று பலகை வைக்கும் பள்ளி, சேரும் முன்பே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எல்லோருக்கும் கனரகப் பயிற்சி தேவை என்பதும் இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்தை இலகு ரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. உள்ளூரில் குட்டி யானை ஓட்டிப் பிழைக்க நினைப்பவரை, கட்டாயம் என்று சொல்லிக் கனரகப் பயிற்சியில் சேர்ப்பது ஏமாற்று.

கனரக வாகனம் ஓட்ட விரும்புபவருக்கு, பள்ளி வழங்கும் படிவம் 5 சான்றிதழ் கட்டாயம். இந்தச் சான்றிதழுக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பதை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் விரிவாகவே சொல்கின்றன. போக்குவரத்து வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் உண்மையாக வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. பாடத்திட்டத்தில் ஓட்டும் முறையோடு போக்குவரத்துக் கல்வி, தீ விபத்துத் தடுப்பு, வாகனப் பராமரிப்பு, முதலுதவி, மக்களிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியனவும் உண்டு. கற்பிக்கும் ரகத்துக்கு ஒரு வாகனமாவது பள்ளிக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அதில் பயிற்றுநர் தன் பக்கத்திலிருந்தே வண்டியைக் கட்டுப்படுத்தும் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். பயிற்றுநர் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், ஐந்தாண்டு ஓட்டுநர் அனுபவமும், மோட்டார் மெக்கானிக் சான்றிதழும் உடையவராக இருக்க வேண்டும்.

இவை பள்ளி தரும் சலுகைகள் அல்ல. கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் உரியவை.

ஒரு லாரி, எத்தனை பேர்?

பள்ளியின் நேர்மையை அறிய ஓர் எளிய கணக்குப் போதும். பள்ளியில் ஒரே ஒரு பயிற்சி லாரி இருக்கிறது என்று கொள்வோர், அது மாதத்தில் 25 நாள், நாளுக்கு 6 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 150 மணி நேரம். ஒருவருக்கு 15 மணி என்றால், ஒரு மாதத்தில் 10 பேருக்கு மட்டுமே சட்டப்படியான பயிற்சி தர முடியும். அதே ஒரு லாரியை வைத்துக்கொண்டு மாதம் 40 பேருக்குச் சான்றிதழ் தருவதானால் 600 மணி நேரம் தேவை. 25 நாளும் இடைவிடாமல் 24 மணி நேரம் ஓட்டினால் மட்டுமே அது கைகூடும்.

ஆகவே சேரப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியது அல்ல. "எத்தனை லாரி, இந்த மாதம் எத்தனை பேர்?" என்பதே முதல் கேள்வி. விடை சொல்லத் தயங்கும் பள்ளி பயிற்சியை விற்கவில்லை; சான்றிதழை விற்கிறது.

நேரில் பார்க்க வேண்டியவை

அடுத்து, பள்ளியை நேரில் சென்று பார்க்க வேண்டும். போக்குவரத்துத் துறை வழங்கிய உரிமம் சுவரில் இருக்கிறதா, அது காலாவதியாகாமல் இருக்கிறதா, கனரக வாகனப் பயிற்சிக்கும் அனுமதி அதில் உள்ளதா என்று பார்ப்பது முதல் வேலை. கார் பயிற்சிக்கு மட்டும் அனுமதி பெற்ற பள்ளி, கனரகச் சான்றிதழை வேறொரு பள்ளியிடமிருந்து வாங்கித் தருவதாகச் சொன்னால் திரும்பி வந்துவிடுவதே நல்லது.

பயிற்சி நடக்கும்போது அரை நாள் நின்று பார்க்க வேண்டும். வண்டியில் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஏறி, ஒவ்வொருவரும் சில நிமிடம் ஓட்டி இறங்குகிறார்களா? அப்படியானால், மற்றவர் ஓட்டுவதைப் பார்த்த நேரமும் பயிற்சி நேரமாக எழுதப்படுகிறதா? பயிற்சியாளர் சேர்க்கைக்குப் படிவம் 14 பதிவேடும், ஓட்டிய மணிக்கணக்குக்குப் படிவம் 15 பதிவேடும் பள்ளியில் இருக்க வேண்டும். ஓட்டாத மணிக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. அந்தக் கையெழுத்தால் பள்ளிதான் தப்பிக்கிறது. நாளை விபத்து நேர்ந்தால், "முழுப் பயிற்சி பெற்றவர்" என்று அதே பதிவேடு தொழிலாளிக்கு எதிராகப் பேசும்.

எதில், எங்கே பயிற்சி தரப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. மைதானத்தில் காலி லாரியை எட்டு வடிவில் சுற்றுவது தேர்வுக்கு உதவும், தொழிலுக்கு உதவாது. பாரம் ஏற்றிய வண்டியின் பிரேக் பிடிக்கும் தூரம் வேறு, வளைவில் அதன் சாய்வு வேறு. மூன்று அச்சு லாரிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அவ்வளவு எடையை மலைச்சரிவில் இறக்கும்போது கீழ் கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறக்கினால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏர் பிரேக்கின் அழுத்தமானியைப் பார்த்த பிறகே வண்டியை எடுப்பது, இடப்பக்கம் கண்ணாடியில் தெரியாத இடத்தில் சைக்கிளோ இருசக்கர வாகனமோ இருக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பது, டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் திருப்புவது, சரக்கு நகராதபடி கட்டுவது, இரவில் ஓட்டுவது: இவற்றில் எவை கற்றுத் தரப்படுகின்றன என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, உரிமக் கட்டணமும் தேர்வுச் செலவும் அதில் அடங்குமா, தோற்றால் மறுபயிற்சிக்குத் தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் பெற வேண்டும். ரசீது தராத பள்ளியும், அசல் கல்விச் சான்றிதழைப் பிடித்து வைக்கும் பள்ளியும், நூறு விழுக்காடு வேலை உறுதி என்று சொல்லிக் கடனுக்கு ஆள் காட்டும் பள்ளியும் தவிர்க்கப்பட வேண்டியவை. இறுதியாக, லாரி நிறுத்தங்களில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர்களிடம் விசாரிப்பது எந்த விளம்பரத்தையும்விட மேலானது.

பெட்ரோலியம், எரிவாயு, ரசாயனம் போன்ற அபாயகரமான சரக்குகளை ஏற்ற விரும்புவோருக்குத் தனியாக மூன்று நாள் பயிற்சியும், உரிமத்தில் அதற்கான பதிவும் தேவை. ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதை முன்கூட்டியே அறிந்து தயாராகிறவருக்கு வேலை வாய்ப்பு கூடுதல்.

புதிய மையங்கள் யார் கையில்?

2021 ஜூன் மாதம் ஒன்றிய அரசு புதிய விதிகளை அறிவித்தது. அவை ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி 'அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்கள்' தொடங்கலாம். கனரகப் பயிற்சிக்கு 2 ஏக்கர் நிலம், சிமுலேட்டர், சோதனைத் தடம் ஆகியவை இருக்க வேண்டும். ஆறு வாரங்களில் 38 மணி நேரப் பயிற்சி தர வேண்டும். இங்கு தேர்ச்சி பெறுபவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்வு தேவையில்லை.

பயிற்சியின் தரம் என்ற அளவில் இது பழைய பள்ளிகளைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அருகில் அத்தகைய மையம் இருந்து, கட்டணம் கட்டக்கூடியதாக இருந்தால், அதையே இளைஞர்களுக்குப் பரிந்துரைக்கலாம். ஆனால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. இவ்வளவு முதலீட்டை யாரால் போட முடியும்? சிறு பள்ளிகளால் முடியாது. அரசு முன்வராத இடங்களில் பெரிய நிறுவனங்களே வர முடியும். மேலும், கட்டணம் வாங்கும் கையே பயிற்சி தந்து, தேர்ச்சி என்றும் முத்திரையிடுகிறது. பொதுக் கண்காணிப்பு தளர்ந்தால், பழைய பள்ளியின் நோய் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர அதிக நாள் ஆகாது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பிரிவும், கேரளத்தில் எடப்பாள் ஓட்டுநர் பயிற்சி நிறுவனமும் பொதுத்துறையில் இதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024இல் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில், கனரகப் பயிற்சியும் உள்ளடங்கிய ஓட்டுநர் பள்ளிகளைத் தொடங்கியது. பணிமனை, பேருந்து, அனுபவமிக்க ஓட்டுநர், மெக்கானிக் என அனைத்தும் ஒவ்வொரு மாநிலப் போக்குவரத்துக் கழகத்திடமும் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது அரசியல் விருப்பம் மட்டுமே.

பயிற்சிச் செலவு யாருடையது?

உழைப்புச் சக்தியின் மதிப்பில் அதைப் பயிற்றுவிக்கும் செலவும் அடங்கும் என்பதை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் விளக்கியுள்ளார். லாரித் தொழிலில் நடப்பது என்ன? அம்மாவின் நகையை அடகு வைத்தோ, வட்டிக்குக் கடன் வாங்கியோ இளைஞன் தன் பயிற்சிக்குத் தானே பணம் கட்டுகிறான். பயிற்சி பெற்ற உழைப்பு, சரக்குப் போக்குவரத்து மூலதனத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அவனுடைய ஊதியத்திலோ டிரிப் பேட்டாவிலோ அந்தச் செலவு திரும்பி வருவதில்லை.

மறுபுறம், ஓட்டுநர் பற்றாக்குறை என்று ஓயாமல் கேட்கிறது. போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை 2019இல் நீக்கியபோது, ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்கள் குறைவாக இருப்பதாக ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கூறியது. பள்ளிப்படிப்பு மறுக்கப்பட்ட ஏழைகளுக்கு வேலைக் கதவு திறப்பது சரியானதே. ஆனால் படிப்புக்கு ஈடாகத் தரப்பட வேண்டிய தரமான பயிற்சியைச் சந்தையிடம் விட்டது சரியல்ல. உண்மையில் இது ஆள் பற்றாக்குறை அல்ல. வீட்டைப் பிரிந்து, உறக்கத்தைத் துறந்து, மதிப்பும் பாதுகாப்பும் இல்லாமல் இந்தக் கூலிக்கு வர இளைஞர்கள் மறுக்கின்றனர் என்பதே அதன் பொருள்.

பயிற்சி இல்லை, தண்டனை உண்டு

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் லாரித் தொழிலாளர்களும் உண்டு; அவர்கள் ஓட்டிய வண்டிகளில் அடிபட்ட பாதசாரிகளும் உண்டு. இருவருமே பெரும்பாலும் உழைக்கும் மக்கள்.

இதற்கு ஆட்சியாளர்கள் கண்ட தீர்வு என்ன? பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்தில் மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் தராமல் செல்லும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்றது. கும்பல் தாக்குதலுக்கு அஞ்சி ஓடும் ஓட்டுநரின் நிலை கருதப்படவில்லை. 2024 ஜனவரி முதல் நாட்களில் நாடெங்கும் லாரிகள் நின்றன. பெட்ரோல் நிலையங்களில் மக்கள் வரிசையில் நின்றனர். அரசு பேச்சுவார்த்தைக்கு இறங்கியது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அது போராட்டத்தின் வெற்றி. ஆனால் பிரிவு நீக்கப்படவில்லை. நிறுத்தி மட்டுமே வைக்கப்பட்டுள்ளது. அதோடு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கான தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டு வரை என உயர்ந்து நடைமுறையில் இருக்கிறது. போலிச் சான்றிதழ் தந்த பள்ளிக்கும், உறங்கவிடாமல் வண்டியை அனுப்பிய உரிமையாளருக்கும் இல்லாத சிறை, ஸ்டியரிங் பிடித்தவருக்கு மட்டும் காத்திருக்கிறது.

எந்தப் பள்ளியும் சொல்லித்தராத பாடம்

பாரம் கூடுதலாக ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதமும், ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. ஏற்றச் சொன்னவர் உரிமையாளராக இருக்கலாம். சாலையில் பிடிபடுபவர் ஓட்டுநர். சரக்குக்கான இ-வே பில்லின் ஒரு நாள் செல்லுபடித் தூரம் 2021 ஜனவரி முதல் 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. காகிதத்தில் ஓர் எண் மாறியது. சாலையில் அது ஓட்டுநரின் ஓய்வைக் குறைக்கும் அழுத்தமாக இறங்குகிறது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்றது. நெடுந்தூர வழித்தடங்களில் 10 மணி, 54 மணி வரை அனுமதித்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தரச் சொன்னது. ஐந்து தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்கே அது பொருந்தும். அந்தச் சட்டத்தை விழுங்கிய 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. அது அந்த எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்திவிட்டது. நான்கைந்து வண்டி வைத்திருக்கும் உரிமையாளர்கள் நிறைந்த தொழிலில் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பாடத்தைப் பயிற்சிப் பள்ளி நடத்தாது. தொழிற்சங்கமே நடத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு மாவட்டத்திலும் போக்குவரத்து அரங்கத் தோழர்கள் தங்கள் பகுதிப் பயிற்சிப் பள்ளிகளை நேரில் பார்த்து, லாரி எண்ணிக்கை, பயிற்சியாளர் எண்ணிக்கை, பயிற்றுநர் தகுதி, கட்டணம் ஆகியவற்றைத் தொகுக்க வேண்டும். கேட்டு வரும் இளைஞர்களுக்கு அனுமானத்தில் பதில் சொல்லாமல், இந்தப் பட்டியலைக் கொண்டு வழிகாட்ட வேண்டும்.

இரண்டாவதாக, பயிற்சியில் சேருபவரை அன்றே சங்கத்தின் தொடர்பில் கொண்டுவர வேண்டும். மூத்த ஓட்டுநர் தோழர்கள் தலா ஒரு புதியவருக்குத் துணையாக இருக்கலாம். பழைய உஸ்தாத் முறையின் அடிமைத்தனத்தை விலக்கி, அதன் அனுபவச் செல்வத்தை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தர இதுவே வழி.

மூன்றாவதாக, மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் இலவச அல்லது குறைந்த கட்டணக் கனரகப் பயிற்சி தர வேண்டும், பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை வழங்க வேண்டும், பெரும் சரக்கு நிறுவனங்கள் அதன் செலவை ஏற்க வேண்டும், பதிவேடுகளைப் போக்குவரத்துத் துறை முறையாகத் தணிக்கை செய்ய வேண்டும், 106(2) பிரிவை முற்றாக நீக்க வேண்டும் என்ற கோரிக்கைகளைக் கிளைதோறும் பிரச்சாரமாக்க வேண்டும்.

"எந்தப் பள்ளியில் சேரலாம்?" என்று கேட்டு வரும் இளைஞருக்குப் பள்ளியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. தனக்குச் சேர வேண்டிய 15 மணி நேரத்தை எண்ணி வாங்கக் கற்றுக்கொண்ட ஒருவர், நாளை தன் 8 மணி நேர வேலையையும் எண்ணிக் கேட்பார். அந்த எண்ணும் பழக்கத்தைத் தொடங்கிவைப்பதே அரங்கத் தோழர்களின் உடனடிக் கடமை.